முதலாளி பேச முடியாமல் போன பருவம்: திருகோணமலையில் ஒரு போட் இஞ்சின் கடை

பதிவின் எல்லை

திருகோணமலை நகரில் கடற்கரைக்குக் கிட்ட உள்ள ஒரு போட் இஞ்சின் கடையைப் பற்றியது இந்தப் பதிவு. முன்பக்கம் உதிரிப்பாக விற்பனை, பின்பக்கம் திருத்த வேலை. உரிமையாளர் ஒருவர், மெக்கானிக் இருவர், கையுதவிக்கு இரண்டு பொடியன்கள். 2023 பங்குனியில் உரிமையாளர் பாரிசவாதத்தால் விழுந்தார். அதற்குப் பிறகான ஒன்றரை வருடத்தில் கடை எப்படி நடந்தது, எங்கே முறிந்தது, எது ஒட்டிக்கொண்டது என்பதைக் குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டும் விபரங்களை விட்டுவிட்டேன்.

நான் இந்த ஊரில் சிறு வியாபாரங்களுக்குக் கணக்குப் பார்ப்பவன். ஒரு வங்கிச் சிக்கலுக்காகக் கூப்பிட்டார்கள். போன இடத்தில் முழுக் கடையையும் பார்க்க வேண்டியதாயிற்று. இஞ்சினைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. அது வசதியாகவும் இருந்தது. எதையும் தெரிந்தவன் போலத் தலையாட்டாமல் ஏன், எப்படி என்று கேட்க முடிந்தது.

பின்னணி

உரிமையாளருக்கு அப்போது வயது 61. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு தகரக் கொட்டிலில் தொடங்கிய கடை. வாடிக்கையாளர் வடக்கே புல்மோட்டை, குச்சவெளி, நிலாவெளியிலிருந்து தெற்கே கிண்ணியா, மூதூர் வரை. பெரும்பாலானவர்கள் மீனவர்கள். சித்திரை தொடக்கம் புரட்டாதி வரை கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்திலிருந்து தொழிலுக்கு வந்து தங்குகிறவர்களும் இதில் அடக்கம். யுத்தம் முடிந்த பிறகு புறாத்தீவுக்கும் திமிங்கிலம் பார்க்கவும் ஆட்களை ஏற்றும் படகுக்காரரும் சேர்ந்தார்கள்.

இந்தக் கடையில் எழுத்து மிகக் குறைவு. விலை, கடன், யாருடைய இஞ்சின் எப்போது வந்தது, எந்தச் சாமானை எங்கே எடுப்பது, எல்லாம் உரிமையாளரின் தலைக்குள். இதைச் சோம்பல் என்று ஒதுக்கிவிட முடியாது. யுத்த காலத்தில் கடலுக்குப் போக பாஸ் வேண்டும், நேரக் கட்டுப்பாடு, குதிரைவலு கூடிய இஞ்சினுக்குத் தடை. அந்த நாட்களில் யாரிடம் என்ன இஞ்சின் இருக்கிறது என்று பெயரோடு எழுதிய கொப்பியைக் கடையில் வைத்திருப்பது வில்லங்கம். அதையும் மீறி வைத்திருந்த ஒரேயொரு கடன் கொப்பியை 2004 டிசம்பர் 26 கடல் கொண்டு போய்விட்டது. அதன் பிறகு நடந்ததுதான் அவருடைய வியாபார முறையை உறுதியாக்கியது என்று மனைவி சொன்னார். கடன் வைத்திருந்த பலர், வள்ளத்தையும் வலையையும் இழந்தவர்கள் கூட, தாங்களாகவே வந்து “என்னிட்ட இவ்வளவு இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். கொப்பி இல்லாமலும் கடன் திரும்பி வரும் என்பதை ஒருமுறை கண்ணால் கண்ட மனிதரிடம் கொப்பியின் அவசியத்தை எப்படி விளங்கப்படுத்துவது?

2022 வேறு மாதிரி அடித்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் மே மாதம் 360ஐத் தாண்டியது. ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஏறியது. கரையில் இழுத்து வைத்த வள்ளங்கள் நாட்கணக்கில் அப்படியே கிடந்தன. கடைக்கு வேலை வந்தது, காசு வரவில்லை. உரிமையாளர் அந்த வருடத்தைக் கடன் கொடுத்தே கடந்தார்.

2023 பங்குனி: முதல் கிழமைகள்

மூளையின் இடது பக்கத்தில் இரத்த ஓட்டம் தடைப்பட்டதால் வலது கையும் பேச்சும் போயின. மற்றவர் சொல்வது அவருக்கு விளங்கியது, பதில்தான் வரவில்லை. வாயாலும் கையெழுத்தாலும் நடந்த கடைக்கு இரண்டும் ஒரே நாளில் நின்றன.

வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கு வந்த நேரம் பருவம் தொடங்கிவிட்டது. கடையின் பின்பக்கம் இருபதுக்கு மேற்பட்ட இஞ்சின்கள். குடும்பம் கூடியது. மனைவியின் தம்பி கடையைப் பூட்டி வாடகைக்கு விடலாம் என்றார். அது பிழையான யோசனை என்று நான் நினைக்கவில்லை. வைத்தியச் செலவுக்கு நிலையான வாடகை உதவியிருக்கும். மனைவி மறுத்ததற்குக் காரணம் உள்ளே கிடந்த இஞ்சின்கள். பூட்டினால் அவற்றின் சொந்தக்காரர் கடலுக்குப் போக முடியாது. திருப்பிக் கொடுப்பதென்றாலும் எது யாருடையது, எதற்கு எவ்வளவு முற்பணம் வாங்கியது என்று தெரிய வேண்டும்.

ஆகவே கடை திறந்தே இருந்தது. மூத்த மெக்கானிக் கிண்ணியாவைச் சேர்ந்தவர். சுனாமிக்குப் பிறகு வந்து சேர்ந்து ஏறக்குறைய 18 வருடம். எல்லோருக்கும் அவர் ‘நானா’. அவர் பொறுப்பெடுத்தார்.

வெளியில் எல்லோரும் பயந்தது தொழில் நுணுக்கத்துக்கு. உரிமையாளர் இஞ்சினைத் தண்ணீர்ப் பீப்பாவில் இறக்கி ஓடவிட்டு, கண்ணை மூடிச் சத்தத்தைக் கேட்டே பழுதைச் சொல்லுவார் என்பது இந்தக் கரையில் தெரிந்த சங்கதி. வந்தவர்கள் “முதலாளி பார்த்தவரா?” என்று கேட்டார்கள். பார்க்கவில்லை என்றதும் சிலர் இஞ்சினைத் தூக்கி முச்சக்கர வண்டியில் வைத்துக்கொண்டு போனார்கள். ஆனால் நானா திருத்தியவை திரும்பி வரவில்லை. குளிர்நீர் ஏற்றும் இம்பெல்லர் தேய்வு, அடைபட்ட காபரேற்றர், கியர் ஒயிலுக்குள் உப்புத்தண்ணீர் புகுந்து பால் நிறமாக வருவது, எரிபொருளோடு சேர்க்கும் டூ-ரீ ஒயிலைக் குறைத்துக் கலந்து பிஸ்டன் பிடித்துப் போவது: வருகிற பழுதுகளில் பெரும்பகுதி இவைதான். இதையெல்லாம் நானா கண்ணை மூடாமலே சொல்லுவார்.

கடை சறுக்கியது வேறு இடத்தில்.

கேள்விக் கொப்பி

மேசையில் ஒரு சீ.ஆர். கொப்பியை வைத்து, முதலாளியிடம் கேட்க வேண்டும் என்று தோன்றுகிற ஒவ்வொன்றையும் அந்தந்த நேரத்திலேயே எழுதச் சொன்னேன். பதிலைத் தேட வேண்டாம், கேள்வியை மட்டும் எழுதினால் போதும் என்றேன். கையுதவிப் பொடியன்களில் ஒருவனுக்கு நல்ல கையெழுத்து. அவன் உற்சாகமாக எழுதினான். ‘மத்தியானம் சோறு எங்கே எடுப்பது’ என்பதும் அதில் இருந்தது.

இரண்டு கிழமை கழித்துப் பார்த்தபோது இஞ்சின் பழுது பற்றிய கேள்வி பத்தில் ஒன்று கூட இல்லை. மற்றவை எல்லாம் ஒரே மாதிரி: இதற்கு என்ன விலை? இவருக்குக் கடன் கொடுக்கலாமா? முற்பணம் தந்ததாகச் சொல்கிறார், உண்மையா? இரண்டு பேர் அவசரம் என்கிறார்கள், யாருடையதை முதலில் கழற்றுவது?

நானாவிடம் கேட்டேன், இத்தனை வருடத்தில் விலை தெரியாதா என்று. அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: “எனக்கு வெல சொல்லத் தெரியும். ஆனா நான் சொன்னா அது வெலயில்ல.” வாடிக்கையாளர் பேரம் பேசுவார், முதலாளியிடம் கேட்டுச் சொல் என்பார், முதலாளி ஒருபோதும் அந்த விலைக்குத் தரமாட்டார் என்று சத்தியம் செய்வார். மெக்கானிக்குக்கு விலையைப் பிடித்து நிற்கும் அதிகாரம் ஒருநாளும் கொடுக்கப்படவில்லை. வேலை பழக்கிய முதலாளி, தீர்ப்பைத் தன்னிடமே வைத்திருந்தார்.

இந்தக் கொப்பியைப் பார்த்த பிறகுதான் புது மெக்கானிக் ஒருவரை எடுக்கும் யோசனையைக் குடும்பம் கைவிட்டது. வீட்டில் அதற்கென்று ஒதுக்கிய காசு வைத்தியத்துக்கும் பேச்சுப் பயிற்சிக்கும் போனது.

விலையை வெளியே எடுத்தது

உதிரிப்பாகப் பெட்டிகளில் விலை இல்லை என்று சொல்ல முடியாது. பழைய வியாபாரிகள் வழக்கப்படி, கொள்விலையை எழுத்துக்களாக எழுதியிருந்தார். பத்து எழுத்து உள்ள ஒரு சொல்லோ தொடரோ. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு இலக்கம். அந்தத் தொடர் அவருக்கு மட்டுமே தெரியும், அவருக்கோ பேச்சு வரவில்லை. மகள் அரசாங்க வேலையில் இருப்பவர். கொழும்பு இறக்குமதியாளரின் பழைய பில்கள் சிலவற்றைத் தேடியெடுத்து, பெட்டியில் உள்ள எழுத்தோடு ஒப்பிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அதை அவிழ்த்துவிட்டார். தகப்பனிடம் எழுதிக் காட்டியபோது அவர் சிரித்தாராம்.

அவிழ்த்தும் பிரயோசனம் குறைவு. பெட்டியில் இருந்தது டொலர் 200 ரூபாயாக இருந்த காலத்துக் கொள்விலை. புதிதாக வாங்குவதற்கு என்ன விலை என்பது தெரிந்தால்தான் விற்க முடியும். அது உரிமையாளரின் போனில் இருந்தது. போனை அவருடைய விரலை வைத்துத் திறந்தார்கள். அவர் தட்டச்சு செய்கிறவர் அல்ல. சாமான் கேட்பதும் விலை பேசுவதும் எல்லாம் வட்ஸ்அப் குரல் செய்தி. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குரல்கள் அப்படியே இருந்தன. மனைவியும் மகளும் இரவில் இருந்து கேட்டு, எந்தச் சாமான், எத்தனை, என்ன விலை என்று எழுதினார்கள். அந்த வேலையை வெளியாள் ஒருவரிடம் கொடுக்கலாம் என்று நான் சொன்னதற்கு மனைவி சம்மதிக்கவில்லை.

அந்தப் பட்டியலைப் பழைய விற்பனைச் சிட்டைகளோடு வைத்துப் பார்த்தபோது குடும்பம் எதிர்பாராத ஒன்று வெளிப்பட்டது. 2022 முழுக்க அவர் பழைய இருப்பைப் பழைய கொள்விலையின் மேல் கொஞ்சம் வைத்தே விற்றிருக்கிறார். 200 ரூபாய் டொலரில் வாங்கிய இம்பெல்லரை அந்தக் கணக்கில் விற்றால் கையில் இலாபம் போலத் தெரியும். அந்தக் காசைக் கொண்டு போனால் அதே இம்பெல்லர் கிடையாது. ஆறு வாங்கிய இடத்தில் நான்கு வாங்கி, பிறகு மூன்று வாங்கி, தட்டு மெல்ல மெல்ல ஒழிந்திருக்கிறது. திருத்தக் கூலி வந்துகொண்டிருந்ததால் குறை தெரியவில்லை. இது இரக்கத்தால் செய்ததா, கணக்குத் தெரியாமல் நடந்ததா என்று பிறகு அவரிடமே கேட்டார்கள். கையை இரண்டு பக்கமும் ஆட்டினார். இரண்டும்தான் என்று எடுத்துக்கொண்டோம். தலைக்குள் நடக்கிற வியாபாரத்தில் முதலாளிக்கே தெரியாத பள்ளம் இருக்கக்கூடும் என்பதை இந்தத் தட்டு காட்டியது. அவர் நலமாக இருந்திருந்தாலும் 2023 முடிவுக்குள் கடை முட்டியிருக்கும் என்பது என் மதிப்பீடு.

எடுத்த முடிவு: விற்பனை விலை இனி மறுகொள்விலையின் மேல். கிழமைக்கு ஒருமுறை மகள் இறக்குமதியாளரிடம் கேட்டு, அதிகம் ஓடும் நாற்பது சாமானுக்கு மட்டும் விலை எழுதி முன்சுவரில் ஒட்டுவது. திருத்தக் கூலிக்கும் வேலை வாரியாக ஒரு பட்டியல். எல்லாச் சாமானுக்கும் விலை போட முயலவில்லை. முயன்றிருந்தால் சித்திரை முழுக்க அதிலேயே போயிருக்கும். சுவரில் எழுதி ஒட்டியதும் பேரம் பாதிக்கு மேல் குறைந்தது. நானாவின் சொல்லுக்கு இல்லாத பலம் கடதாசிக்கு இருந்தது. இது அவருக்குக் கொஞ்சம் கசந்தது என்பதையும் எழுத வேண்டும்.

முடிந்தும் முடியாத இஞ்சின்கள்

கடன் பகுதியில்தான் கடை முதலில் நட்டப்பட்டது. நானா பொறுப்பெடுத்த முதல் மூன்று கிழமையில், முடிந்த இஞ்சின்களை எல்லாம் சொந்தக்காரருக்கு அறிவித்து எடுத்துப் போகச் சொன்னார். நல்ல எண்ணம். இடம் ஒதுங்கும், சனத்துக்குத் தொழில் நடக்கும். எடுத்துப் போனவர்களில் கணிசமானோர் “பிறகு தாறன்” என்றார்கள்.

பின்னால் தெரிந்தது இதுதான். உரிமையாளர் யாருக்கும் கடன் இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்கிறவர் அல்ல. பழைய கடன் ஏறிய ஆளின் இஞ்சின் வந்தால் வாங்கி வைப்பார், திருத்தவும் செய்வார், ஆனால் கேட்டால் “இன்னும் முடியல்ல, ஒரு சாமான் வரவேணும்” என்பார். அந்த ஆள் கொஞ்சம் காசு கொண்டுவந்து கொடுத்ததும் மறுநாளே சாமான் வந்துவிடும். பின்பக்கம் தேங்கிக் கிடந்தவற்றில் பல உண்மையில் வேலை முடிந்தவை. அவற்றை மெக்கானிக்குகள் முதலாளியின் மறதி என்று நினைத்திருந்தார்கள். அது அவருடைய மரியாதையான மறுப்பு. யாருக்கு எவ்வளவு காலம் மறுப்பது என்பதற்கும் ஒரு கணக்கு வைத்திருந்தார்: யார் எந்தச் சம்மாட்டியிடம் (வள்ளமும் வலையும் வைத்து ஆட்களைத் தொழிலுக்கு அனுப்பும் முதலாளி) முற்பணம் வாங்கியிருக்கிறார், எந்தக் கரையில் நேற்று சூடை மீன் பட்டது, யார் வீட்டில் கலியாணம். காலை ஏழு மணிக்கு முன் நாலைந்து பேருக்குப் போன் எடுத்து இதையெல்லாம் கேட்டுக்கொள்வார். வெளியில் பார்ப்பவருக்கு அது ஊர்க்கதை.

அந்த மறுப்பை யாராலும் அவரைப் போலச் செய்ய முடியாது என்று ஏற்றுக்கொண்டு, வேறு வழி எடுத்தோம். முதலில் பழைய கடனைக் கட்டியெழுப்ப வேண்டும். 2005இல் நடந்தது போல வாடிக்கையாளரையே வந்து சொல்லச் சொல்லலாம் என்றார் மனைவி. நான் நம்பவில்லை, ஆனால் செலவில்லாத முயற்சி. கடைச் சுவரில் எழுதி ஒட்டி, இறங்குதுறைகளில் தெரிந்தவர்கள் மூலம் சொல்லியனுப்பினார்கள். சின்னக் கடன்காரர் வந்தார்கள். கிழவர் ஒருவர் 1,500 ரூபாய்க்காகக் குச்சவெளியிலிருந்து பஸ்ஸில் வந்தார். பெரிய தொகைகள் வரவில்லை. சிலர் வந்து, தாங்கள் எப்போதோ கட்டிவிட்டதாகச் சொன்னார்கள். அதில் இரண்டொருவர் சொன்னது உண்மை என்பதை நானா உறுதிப்படுத்தினார். சாட்சி இல்லாதவற்றைக் கேட்டபடியே எழுதினோம். எல்லாம் சேர்த்து 18 இலட்சம் வரை நின்றது. சரியான தொகை இதைவிடக் கூட என்பது எல்லோருக்கும் தெரியும்.

புதுக் கடனுக்கு வைத்த முறை எளிமையானது. 5,000 ரூபாய் வரை நானா தீர்மானிக்கலாம். 25,000 வரை மனைவி. அதற்கு மேல் கிடையாது. பழைய கடனில் பாதி கட்டாதவருக்குப் புதுக் கடன் இல்லை. ஒவ்வொரு இஞ்சினுக்கும் ஜொப் காட்: வந்த திகதி, பழுது, போட்ட சாமான், கூலி, முற்பணம், வேலை செய்தவரின் பெயர். இரண்டு கிழமைக்குள் அதே பழுது வந்தால் கூலி இல்லாமல் திருத்துவது. “முதலாளி பார்த்தவரா” என்ற கேள்வி அடங்கியது இந்தக் கடைசி வரியால்தான்.

முறை வந்ததும் சில பழைய முகங்கள் கோபித்துக்கொண்டு போயின. ஒரு சம்மாட்டி, ஆறு இஞ்சின் வைத்திருப்பவர், மனைவியிடம் வந்து, “தங்கச்சி, அவர் என்னிட்ட ஒருநாளும் கணக்குக் கேட்டதில்ல” என்றார். உண்மைதான். அவர் பெயரில்தான் அதிக நிலுவை இருந்தது.

எந்த இஞ்சின் முதலில்

முதலில் வந்தது முதலில் என்று தொடங்கியது பத்து நாளில் கைவிடப்பட்டது. ஒரே ஒரு இஞ்சினோடு வீட்டை நடத்துகிறவர், மாற்று இஞ்சின்கள் வைத்திருக்கும் சம்மாட்டிக்குப் பின்னால் நிற்க வேண்டி வந்தது. நிலாவெளிப் பக்கத்துச் சுற்றுலாப் படகுக்காரர் கைக்காசு கட்டுபவர்கள், ஒருநாள் தவறினால் பதிவு செய்த ஆட்களை இழப்பவர்கள், அவர்களும் நெருக்கினார்கள். கடைசியில் ஒற்றை இஞ்சின்காரர் முதல், பிறகு கைக்காசு, பிறகு மற்றவர் என்று நானாவே வரிசை போட்டார். உரிமையாளரும் ஏறக்குறைய இப்படித்தான் செய்துவந்தார் என்பது பிறகு தெரிந்தது.

கையெழுத்து

என்னைக் கூப்பிட்ட விடயம் இது. வியாபாரம் தனியாள் பெயரில் பதிந்தது; நடைமுறைக் கணக்கும் சேமிப்பும் அவர் ஒருவர் பெயரில். முன்பே எழுதிக் கொடுத்த பின்திகதியிட்ட காசோலைகளுக்கு வீட்டில் இருந்த காசைக் கணக்கில் வைப்பிட்டுத் தப்பினார்கள். போடுவதற்கு யாராலும் முடியும், எடுக்கத்தான் முடியாது. இடது கையால் அவர் போட்ட கையெழுத்தை வங்கி ஏற்கவில்லை. ஏற்காததும் சரி.

அவருடைய விளங்கும் சக்தி பாதிக்கப்படவில்லை என்ற வைத்தியரின் கடிதம், நொத்தாரிசு முன்னிலையில் மனைவிக்கு அற்றோணித் தத்துவம் (அவருக்குப் பதிலாகக் கையெழுத்திட அதிகாரம் கொடுக்கும் பத்திரம்), அதன் பதிவு, வங்கியில் புதிய மாதிரிக் கையெழுத்து என்று இழுபட்டு, ஆனி மாதத்தில்தான் கணக்கு திறந்தது. இடைப்பட்ட காலத்தில் சேமிப்பில் காசு இருக்க, சாமான் வாங்க மனைவி நகை அடகு வைத்தார். ஒரு விடயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும்: பாரிசவாதம் அவருடைய விளக்கத்தையும் எடுத்திருந்தால் அற்றோணித் தத்துவம் எழுதவே முடியாது. அது முடிந்தது அதிர்ஷ்டத்தால்.

இரண்டாவது மெக்கானிக் போனது

ஜொப் காட் நல்லதையே செய்யும் என்று எல்லோரும் நினைத்திருந்தோம். ஆவணியில் இளைய மெக்கானிக் விலகினார். சண்டை எதுவுமில்லை. அவர் சொன்னது: “நான் கழட்டிப் பூட்டுற வேலைக்குக் கடை எவ்வளவு எடுக்குது எண்டு எனக்கு இப்பத்தான் தெரியும், அக்கா.” ஒரு கியர்பெட்டி வேலைக்குக் கடை வாங்கும் கூலி அவருடைய மூன்று நாள் சம்பளத்தை விடக் கூட. அது முன்பும் அப்படித்தான். முதலாளி மனதுக்குள் வைத்திருந்தவரை கணக்கு யாருக்கும் தெரியாது. கடன் நட்டம், தட்டில் முடங்கிய காசு எல்லாம் அந்தக் கூலிக்குள்தான் இருக்கிறது என்று விளக்கலாம். விளக்கினோம். ஆனாலும் அவர் பக்கத்தில் நியாயம் இருந்தது. நிலாவெளிப் பக்கம் சொந்தமாகத் தொடங்கினார். சுற்றுலாப் படகுக்காரரில் பெரும்பாலானோர் அவரிடம் போய்விட்டார்கள். கடைக்குக் கைக்காசு கொடுத்துவந்த கூட்டம் அது.

நானாவும் போனால் கடை இல்லை. அவருக்கு இத்தனை வருடத்தில் ஊழியர் சேமலாப நிதி கூடக் கட்டப்படவில்லை. நாட்கூலி என்று விட்டிருந்தார்கள். நாட்கூலிக்கும் அது சட்டப்படி கட்டாயம்: தொழிலாளி 8 வீதம், முதலாளி 12 வீதம், அதோடு ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி 3 வீதம். பணிக்கொடைச் சட்டம் பதினைந்து பேரோ கூடவோ வேலை செய்யும் இடங்களுக்குத்தான், அதுவும் இங்கே இல்லை. ஆகவே 18 வருட உழைப்புக்கு அவர் கையில் இருந்தது முதலாளியின் நல்ல மனம் மட்டும். புரட்டாதியிலிருந்து பதிவு செய்து கட்டத் தொடங்கினார்கள். சம்பளத்தின் மேல் அவர் செய்யும் வேலையின் கூலியில் நாலில் ஒன்று அவருக்கு என்றும் எழுதினார்கள். 8 வீதம் கழிப்பதை நானா முதலில் விரும்பவில்லை. அவருடைய மனைவி வந்து பேசித்தான் சம்மதித்தார்.

பங்குடைமையாகவும் கேட்டுப் பார்த்தார்கள். பங்காளி என்றால் கடையின் கடனுக்கும் பொறுப்பு என்று நான் விளக்கியதும், “இலாபத்துல பங்கு காணும், கடன்ல வேணாம்” என்று முடித்துவிட்டார். புத்திசாலித்தனமான பதில்.

உரிமையாளர் திரும்பி வந்தபின்

ஐப்பசியிலிருந்து காலையில் இரண்டு மணித்தியாலம் கடை வாசலில் கதிரை போட்டு இருக்கத் தொடங்கினார். சொற்கள் ஒன்றிரண்டாக வந்தன. வாடிக்கையாளர் திரண்டு வந்தார்கள், பலர் உண்மையான அன்போடு. அந்தக் கூட்டத்துக்குள் கணக்கும் நடந்தது. சுவரில் விலை இருக்க, அவர் பக்கம் குனிந்து ஏதோ சொல்வார்கள், அவர் தலையாட்டுவார், நானா குறைத்துக் கொடுக்க வேண்டும். கடன் எல்லையும் அப்படியே. மாரி தொடங்குமுன், அதுவரை கட்டிய ஒழுங்கில் பாதி அவிழ்ந்தது.

குடும்பத்துக்குள் இது நோவான பேச்சு. அவரை வீட்டில் இருத்துவதா? அவர் தேறிவந்ததற்குக் கடை வாசல் ஒரு காரணம் என்று பேச்சுப் பயிற்சியாளரே சொல்லியிருந்தார். அவருடைய தலையாட்டலைக் கணக்கில் எடுக்காமல் விடுவதா? அது அவமானம். கணக்கு முறையில் ஒரு வழி இருந்தது. அவர் கொடுக்கும் கழிவும் எல்லை மீறிய கடனும் கடையின் நட்டமாக எழுதப்படாமல் அவருடைய சொந்த எடுப்பனவாக, அதாவது தன் செலவுக்குக் கடையிலிருந்து அவர் எடுத்த காசாக, எழுதப்படும். மாத முடிவில் அந்தத் தொகையை மனைவி அவருக்குக் காட்டுவார். முதல் மாதத் தொகையைப் பார்த்து நெடுநேரம் கொப்பியை மடியில் வைத்திருந்தாராம். அடுத்த மாதம் பாதியானது. நிற்கவில்லை, குறைந்தது. சில பேருக்குத் தொடர்ந்து கொடுக்கிறார். யாருக்கு என்று பார்த்தால் ஒற்றை இஞ்சின்காரர்கள்.

மாற்றிச் செய்யக்கூடியவை

இதே நிலை இன்னொரு கடைக்கு வந்தால் வரிசை வேறாக இருக்க வேண்டும். முடிந்த இஞ்சின்களை வெளியே விடுமுன் கடன் நிலை பார்க்கப்பட வேண்டும். முதல் மூன்று கிழமையில் போனது பிறகு வரவில்லை. ஜொப் காட் வைப்பதற்கு முன் மெக்கானிக்கின் பங்கு பேசி முடிக்கப்பட வேண்டும். கணக்கு வெளிச்சமானால் கூலியும் வெளிச்சமாகும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், முதலாளி நலமாக இருக்கும்போதே கடை அவரில்லாமல் இரண்டு கிழமை நடந்து பார்க்க வேண்டும். இந்த மனிதருக்குக் கதிர்காமப் பாதயாத்திரை போக வேண்டும் என்று பல வருட நேர்த்தி. வெருகல் வரைக்குமாவது நடந்துவிட்டு வருகிறேன் என்பாராம். ஆடித் திருவிழாவுக்கு நடக்கத் தொடங்க வேண்டிய நாட்கள் கடையின் உச்ச நாட்கள் என்பதால் ஒருமுறையும் போகவில்லை. போயிருந்தால், போனை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தால், கேள்விக் கொப்பியில் எழுதப்பட்ட அத்தனையும் அப்போதே வெளிவந்திருக்கும், கேட்பதற்குப் பேசும் முதலாளியும் இருந்திருப்பார்.

2024 புரட்டாதி நிலவரம்

கடை நடக்கிறது. திருத்த வேலை பழைய அளவுக்குக் கிட்ட வந்துவிட்டது. சுற்றுலாப் படகுகளில் சில திரும்பின, பல திரும்பவில்லை. பழைய கடனில் ஏறக்குறைய பாதி வந்தது. ஆறு இஞ்சின் சம்மாட்டி தன் நிலுவையில் ஒரு பகுதியை மீன் விற்ற கையோடு கொண்டுவந்து, மனைவியிடம் கொடுக்காமல் உரிமையாளரின் கையில் வைத்தார். தட்டில் சாமான் 2021 அளவுக்கு இல்லை. நகை இன்னும் முழுதாக மீட்கப்படவில்லை.

அற்றோணித் தத்துவம் உரிமையாளரின் உயிரோடு முடிந்துவிடும் என்பதால் மரணசாசனம் எழுதப்பட்டது. அவருக்குப் பிறகு வங்கிக் கணக்கு முடங்கும் காலத்துக்கு மனைவியின் பெயரில் தனியாக மூன்று மாதச் செலவுப் பணம் போடச் சொல்லியிருக்கிறேன். இதுவரை ஒரு மாதத்துக்கானது சேர்ந்திருக்கிறது.

இப்போது கடை தங்கி நிற்பது மகளில். கிழமை விலை, இறக்குமதியாளரோடு பேச்சு, எடுப்பனவுக் கணக்கு மூன்றும் அவர் கையில், அதுவும் அலுவலகம் முடிந்த பிறகு. அடுத்த வருடம் அவருக்கு இடமாற்றம் வரலாம். நல்ல கையெழுத்துள்ள அந்தப் பொடியனை விலை கேட்கப் பழக்குகிறார்கள். இறக்குமதியாளர் இன்னும் அவனுக்குச் சரியான விலை சொல்வதில்லை. அக்காவைப் பேசச் சொல் என்கிறார்.